கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையை அவர் காலத்தோடு சேர்த்து எழுதுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: "கொள்ளுத்தாத்தா கொள்ளிடக்கரை ஊர்க்காரர். பெரிய வெள்ளத்தில் வீடு போனது, பினாங்கு போனார், மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் திரும்பி வந்து பட்டுக்கோட்டைப் பக்கம் நிலம் வாங்கினார், புயலடித்த அன்று இறந்தார். வீட்டில் சொல்வது இவ்வளவுதான். 'மன்மத வருஷம்' என்று ஆரம்பிக்கும் ஒரு ஜாதகமும், கிழிந்த கிரயப் பத்திரம் ஒன்றும் இருக்கின்றன. அவர் மகள், அதாவது அப்பாவின் அத்தை, இன்னும் இருக்கிறார். இதை வைத்து அவர் வாழ்க்கையை எழுத முடியுமா?"

முடியும். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே கையில் இருக்கிறது. வெள்ளம், கப்பல், மேட்டூர், புயல் நான்குக்கும் வெளியே தேதி உண்டு. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: அந்தக் காலத்து நாட்டு வரலாற்றை எடுத்துத் தாத்தாமேல் போர்த்திவிடுகிறார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யத்தில் உப்பெடுத்தார் என்பது உண்மை. உங்கள் கொள்ளுத்தாத்தா அப்போது பினாங்கில் இருந்திருந்தால் அது அவர் கதையில் வராது. டெல்டாவில் ஒரு குடும்பத்துக்கு வரலாறு வந்து சேர்ந்த வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, அவர் ஊர் எந்த ஆற்றில், எந்த வாய்க்காலில், தலைப்பிலா (வாய்க்கால் தொடங்கும் இடம்) கடைமடையிலா (அது முடியும் இடம்) என்பது. மற்றொன்று, நிலத்தில் அவருக்கு என்ன உரிமை என்பது: மிராசா (சொந்த உரிமை), குத்தகையா, வாரமா (விளைச்சலில் பங்கு), பண்ணையாளா. இந்த இரண்டும் தெரியாமல் எழுதும் எந்த வரியும் யாருடைய தாத்தாவுக்கும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அது உங்கள் தாத்தாவின் கதை அல்ல.

முதலில் ஜாதகம். அறுபது வருஷச் சுற்றில் மன்மத வருஷம் 1895–96-லும் வருகிறது, 1955–56-லும் வருகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கமாகையால், அது கொள்ளுத்தாத்தாவின் ஜாதகமா, அவர் பெயரையே தாங்கிய உங்கள் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவருடையதா என்று பார்த்தாக வேண்டும். வியாழனும் சனியும் இதற்கு உதவ மாட்டார்கள். அறுபது வருஷத்தில் இருவரும் ஏறக்குறைய பழைய இடத்துக்கோ அடுத்த ராசிக்கோ வந்துவிடுவார்கள். ராகுவைப் பாருங்கள். அவர் ஒரு சுற்றுக்கு 18 வருஷம் 7 மாதம் எடுப்பதால், அறுபது வருஷத்தில் இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்பார். 1895–96 மன்மதத்தில் ராகு கும்பத்தில். 1955–56 மன்மதத்தில் ஆவணி வாக்கு வரை தனுசில், பிறகு விருச்சிகத்தில். கட்டத்தில் ராகு கும்பத்தில் இருந்தால் அது கொள்ளுத்தாத்தாவுடையதுதான். வெள்ளத்தின்போது அவருக்கு 28, 29 வயது.

தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக்கும்போது ஒரு பிழை ஓயாமல் நடக்கும். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். மார்கழி இரண்டிலும் பாதிப் பாதி. மன்மத வருஷம் மாசியில் பிறந்தவர் 1896-ல் பிறந்தவர், 1895-ல் அல்ல. வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி வேறு கணக்கு. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. ஜூலை முதல் ஜூன் வரை ஓடும். பசலி 1344 என்றால் 1934 ஜூலை முதல் 1935 ஜூன்.

இனி இறந்த நாள். "புயலன்று" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு பெரும் புயல்கள் தஞ்சை ஜில்லாக் கரையைத் தாக்கின. 1952 நவம்பர் 30 நாகப்பட்டினத்துப் பக்கம் அடித்தது நந்தன வருஷப் புயல். 1955 டிசம்பர் 1 பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ராஜாமடம் பக்கம் கரை ஏறியது மன்மத வருஷப் புயல். அதில் கடல் நீர் உள்ளே பல மைல் வந்தது. இரண்டும் கார்த்திகை நடுவில்தான். ஆகவே "கார்த்திகை மாசம்" என்று அத்தைப்பாட்டி சொன்னால் ஒன்றும் தீராது. திதியைக் கேளுங்கள். வீட்டில் திவசம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் பட்சமும் (வளர்பிறையா தேய்பிறையா) திதியும் யாருக்காவது நினைவிருக்கும். 1952 புயல் பௌர்ணமிக்கு முன்னே, வளர்பிறையில். 1955 புயலுக்கு இரண்டு நாள் முன்னமே பௌர்ணமி கழிந்துவிட்டது, அது தேய்பிறை. புயலன்றே இறந்தார் என்பது உண்மையானால் பட்சம் ஒன்றே வருஷத்தைச் சொல்லிவிடும். ஆனால் 'புயலன்று' என்பது பல வீடுகளில் 'புயலடித்த சமயத்தில்' என்பதன் சுருக்கம். வாரக்கணக்கில் தள்ளியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. அதற்கும் ஒரு மாற்று உண்டு: அறுபதாம் கல்யாணம் நடந்ததா என்று கேளுங்கள். 1895-ல் பிறந்தவருக்கு மன்மத வருஷம் மறுபடி வந்து பிறந்த மாதம் கூடும்போதுதான் அது நடக்கும். நடந்திருந்தால் நந்தன வருஷப் புயல் அடிபட்டுப் போகிறது. நடக்கவில்லை என்றால் அதிலிருந்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். வசதியில்லாத வீடுகளிலும் வழக்கமில்லாத வீடுகளிலும் அது நடப்பதில்லை.

அத்தைப்பாட்டியிடம் பேசும்போது "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் ஊகம். "புயலப்ப நீங்க பொறந்த வீட்டுலயா இருந்தீங்க, புகுந்த வீட்டுலயா?", "மூத்த பிள்ளை கைக்குழந்தையா, நடந்துச்சா?", "அரிசி ரேஷனா, வீட்டு நெல்லா?", "கூலி அணாவுலயா, நயா பைசாவுலயா?" என்று கேளுங்கள். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. ரேஷனும் நெல் கொள்முதலும் 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அந்த அரிசி நின்ற பின் வந்தவை. ஒவ்வொரு பதிலும் ஒரு எல்லையைப் போடும். நாலைந்து எல்லை சேர்ந்தால் வருஷம் தானாக வந்து நிற்கும். ஒரே கேள்வியை உறவினர் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டால் குரல் பெரியவர் சொன்னதே எல்லார் நினைவும் ஆகிவிடும்.

வெள்ளம்: 1924 ஜூலை, ரக்தாட்சி வருஷம் ஆடி மாதம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அதற்கு முன் பார்த்திராத அளவு தண்ணீர் வந்தது. உறுதி செய்ய ஊருக்கே போய்ப் பாருங்கள். பழைய மனை படுகையில் (ஆற்றோரத் தாழ்நிலம்) இருந்ததா, கரைக்கு உள்ளேயா வெளியேயா? ஊர் இடம் மாறியிருந்தால் பழைய கோயில் ஒன்று தனியே நிற்கும், அல்லது 'பழையூர்' மாதிரி ஒரு பெயர் புழக்கத்தில் இருக்கும். படுகை நிலத்துக்கு வெள்ளம் இருவகையாகக் கணக்குத் தீர்க்கும்: வண்டல் படிந்த வயல் மறுவருஷம் நன்றாக விளையும், மணல் ஏறிய வயல் தலைமுறைக்கும் கெட்டுப்போகும். மணல் ஏறியவர்கள்தான் பெரும்பாலும் ஊரை விட்டார்கள். வீடு போனது மட்டும் ஒருவரைக் கப்பலேற்றாது. வீட்டைக் கீற்றும் மூங்கிலும் போட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம். நிலம் போனதா, குத்தகை போனதா, மாடு போனதா என்று தேடுங்கள். ஜமாபந்தியில் (வருஷாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை) வெள்ளச் சேதத்துக்கு வஜா (வரித் தள்ளுபடி) கொடுத்த விவரம் தாலுகாக் கணக்குகளில் பதிவாகும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த்துறை நடவடிக்கைக் கோப்புகளில் இதைத் தேடலாம்.

பினாங்குப் பயணத்தில்தான் வீட்டுக்கதையை மிக கவனமாகச் சோதிக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போனது. 1926-க்குப் பிறகு என்றால் எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பலின் பெயர் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். போனவர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) மூலம் தோட்டக் கூலியாகப் போனாரா, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக் கடை வேலைக்கோ துறைமுக வேலைக்கோ போனாரா? இரண்டும் இரண்டு வேறு வாழ்க்கை. 'ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்தார்கள்' என்ற நினைவு இருந்தால் அது பினாங்கின் தொற்றுத்தடுப்பு முகாம். 'ரப்பர் பால் வெட்டினார்' என்றால் தோட்டம். 'மளிகைக்கடை', 'கிட்டங்கி' (சரக்குக் கிடங்கு) என்ற சொற்கள் வந்தால் ஊர்க்காரர் அல்லது உறவினர் கடைக்கு ஆள் எடுத்த வழி.

திரும்பி வந்தது எப்போது? வீட்டில் "மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் வந்தார்" என்கிறார்கள். மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறந்தது. ஆனால் 1930-லிருந்தே உலக மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பெருந்தொகையாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா 1931-லோ 1932-லோ வந்திருந்தால், நிலம் கூப்பிட்டு வந்தவர் அல்ல அவர். வேலை போய் வந்தவர். குடும்பங்கள் வருத்தமான காரணத்தை மறந்து நல்ல காரணத்தை நினைவில் வைப்பது இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால் எழுதுகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுங்கள். 1925-க்கும் 1932-க்கும் இடையில் பிள்ளை பிறக்காத இடைவெளி ஒன்று இருந்து, அதன்பின் வரிசையாகப் பிறந்திருந்தால், மனைவி ஊரில் இருந்தார், அவர் கடலுக்கு அப்பால் இருந்தார் என்று பொருள். இடைவெளி முடிவதற்குச் சற்று முன் அவர் திரும்பியிருப்பார்.

அந்த இடைவெளியை எழுதும்போது கொள்ளுப்பாட்டியை மறந்துவிடாதீர்கள். அத்தனை வருஷம் குடும்பத்தை ஓட்டியவர் அவர். பத்திரங்களில் பெண்கள் "இன்னார் பாரியாள்" (மனைவி) என்று ஒரு வரியில் வந்து போவார்கள். ஆனால் சீதன நிலம், ஜீவனாம்ச ஏற்பாடு, விதவையான பின் மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக எழுதிய அடமானம் ஆகியவற்றில் அவர்கள் பெயரும் கைநாட்டும் முழுதாக நிற்கும். பினாங்கிலிருந்து மணியார்டர் யார் பெயருக்கு வந்தது என்று கேளுங்கள். மனைவி பெயருக்கா, மாமனார் பெயருக்கா என்பதிலேயே வீட்டின் நிலவரம் தெரியும்.

இப்போது பத்திரம். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். முத்திரைத்தாளில் இருக்கும் அரசர் தலையைப் பாருங்கள்: ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்கும் 1936-க்கும் இடையில், ஆறாம் ஜார்ஜ் என்றால் அதற்குப் பின். பழைய இருப்பை விற்பதும் உண்டு என்பதால் இது தோராயம்தான். பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதியும் வாங்கியவர் பெயரும் இருக்கும். பதிவு அலுவலகக் குறிப்பில் "1 புத்தகம், இத்தனையாம் வால்யூம், இத்தனையாம் பக்கம், இத்தனையாம் நம்பர்" என்று இருக்கும். இந்த நான்கும் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முழுப் பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். கிழிந்த பகுதி திரும்ப வந்துவிடும். நம்பர் கிழிந்து போயிருந்தால் பெயர்வாரி அட்டவணையைத் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று தேடுகட்டணம், ஆகவே ஜாதகம், புயல், பிள்ளைகள் வயது எல்லாம் வைத்து வருஷ எல்லையை முதலில் குறுக்கிக்கொண்டு போவது நல்லது. இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று பல அலுவலகங்களுக்கு 1975 வாக்கிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தியதை நேரில்தான் தேட வேண்டும். இன்றைய சார்பதிவாளர் அலுவலகம் பிற்பாடு பிரித்ததாக இருந்தால் பழைய வால்யூம்கள் தாய் அலுவலகத்தில் இருக்கலாம்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் வாங்கவே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்யாமலே, கைமாற்றிக் கொடுத்து விற்கச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. மனைக்கட்டுகளும் சின்னத் துண்டுகளும் பல அப்படித்தான் கைமாறின.

பத்திரத்தைப் படிக்கையில் விலையைக் குறித்துக்கொண்டு மூடிவிடுவார்கள் பலர். ரொக்கம் எப்படிக் கொடுத்தார் என்ற பத்தியில்தான் காலம் இருக்கிறது. 1929-க்கும் 1933-க்கும் இடையே நெல் விலை பாதியளவுக்கு விழுந்தது. கிஸ்தியும் (நிலவரி) வட்டியும் விழவில்லை. ஆகவே விற்றவர் பெரும்பாலும் கடன்பட்ட சின்ன மிராசுதார். "புரோநோட்டுக் கடனுக்காக இன்னாருக்குச் செலுத்த வேண்டி தங்கள் வசம் நிறுத்தி வைத்தது இவ்வளவு, போக்கியம் மீட்க இவ்வளவு, கையில் ரொக்கம் இவ்வளவு" என்று பிரித்து எழுதியிருக்கும். வேலை போய் வந்த ஒருவரின் சொற்பச் சேமிப்பு நிலமாக முடிந்தது இன்னொருவரின் வீழ்ச்சியால்தான். இதை உங்கள் கட்டுரையில் மறைக்காமல் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிற்காலத்தில் அவர் எழுதிய பாகப்பிரிவினையில் இந்த நிலத்தை 'சுயார்ஜிதம்' (தானே சம்பாதித்தது) என்கிறாரா 'பிதுரார்ஜிதம்' (முன்னோர் வழி வந்தது) என்கிறாரா என்பதையும் பாருங்கள். சுயார்ஜிதம் என்றால் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சில பத்திரங்களில் உண்டு. கையெழுத்திட்டாரா, இடது பெருவிரல் ரேகை வைத்தாரா என்பதும் தெரிந்துவிடும். சாட்சிகள் யார் என்று பாருங்கள். பினாங்குக் கூட்டாளி ஒருவர் அங்கே நிற்கக்கூடும்.

நிலம் பட்டுக்கோட்டைப் பக்கம் என்பது தற்செயல் அல்ல. மேட்டூருக்கு முன் அந்த மேட்டுப்பகுதி ஏரியையும் மழையையும் நம்பியிருந்தது. கல்லணைக் கால்வாய், ஊரார் சொல்லும் புது ஆறு, தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக ஓடி அந்த மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. மேட்டூர்த் திட்டம் மொத்தத்தில் ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கருக்குப் புதிதாகப் பாசனம் தரப் போட்டது. பழைய டெல்டாவில் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) வாங்கும் பணத்துக்கு இங்கே அதிகம் கிடைத்திருக்கும். பத்திரத்தில் புஞ்சை என்றும் பிந்திய கணக்கில் நஞ்சை என்றும் அதே நிலம் இருந்தால், தண்ணீர் வருமுன்னே வாங்கியிருக்கிறார் என்பது தெளிவு. நாலுமாலில் (நிலத்தின் நான்கு எல்லை) "வாய்க்காலுக்குத் தெற்கு" என்று வந்தால் அது எந்த வாய்க்கால், தலைப்பிலிருந்து எத்தனையாவது மடை என்று நேரில் போய்ப் பாருங்கள். கடைமடையானால் ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் விட்டும் நாற்றங்கால் காய்ந்த வருஷங்கள் அவருக்கு இருந்திருக்கும்.

சர்வே எண்ணில் ஒரு தடுக்கல் உண்டு. 1980-களில் முடிந்த யூ.டி.ஆர். (நிலப்பதிவேட்டைப் புதுப்பித்த திட்டம்) பட்டா மாற்றத்தில் பல ஊர்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. இன்றைய பட்டா எண்ணை வைத்துக்கொண்டு 1930-களைத் தேடினால் வேறொருவர் வயலில் போய் நிற்பீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைக் கேளுங்கள். நிலத்தின் அளவில், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி; ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு வேலி ஆறேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நெல்லுக்கு 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால் கலத்தைக் கிலோவாக்கிக் கட்டுரையில் போட வேண்டாம். கலம் என்றே எழுதுங்கள்.

பத்திரமே இல்லாத குடும்பங்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. பண்ணையாளாகவும் குத்தகைக்காரராகவும் இருந்தவர்களை நிலப்பதிவேடு பார்க்கவில்லை. அவர்கள் பெயர் மிராசுதார் வீட்டுப் பண்ணைக்கணக்கில் கூலி நெல் வரியில் இருக்கும். குடியிருந்த மனைக்கு 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தில் வந்த பட்டாவில் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் தகப்பன் பெயராக இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பமானால் ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு, காரைக்காலானால் பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. பண்ணைக்கணக்கு நோட்டுகளை வைத்திருக்கும் வீட்டார் அவற்றைப் பழைய பேப்பருக்குப் போடாமல் இருக்க வேண்டும். அவை அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமான வரலாறு அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வீடுவீடாக எழுதிய தாள்கள் பாதுகாக்கப்படுவதில்லை, ஊர்த்தொகைதான் கிடைக்கும். ஊரின் அன்றைய நிலைக்கு வெங்கசாமி ராவின் 1883-ஆம் ஆண்டுத் தஞ்சை ஜில்லா மேனுவலும், ஹெமிங்வேயின் 1906-ஆம் ஆண்டு கெசட்டியரும் நல்ல அடித்தளம். தேடும்போது டாஞ்சூர் (Tanjore), நெகபட்டம் (Negapatam), மாயவரம் (Mayavaram), ஷியாழி (Shiyali) என்ற அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டல்களைப் போட்டுப் பாருங்கள்.

எழுத உட்காரும்போது ஒரு நோட்டில் வருஷவாரியாக மூன்று பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் கட்டம்) இழுங்கள். முதல் பத்தியில் வீட்டில் சொல்வது, யார் சொன்னார் என்பதோடு. இரண்டாவதில் எழுத்துச் சான்று. மூன்றாவதில் அந்த ஊரில், அந்த வருஷம் நடந்தது. மூன்றாவது மட்டும் நிரம்பி முதல் இரண்டும் காலியாக இருக்கும் வருஷங்களைக் கட்டுரையில் ஓரிரு வரியில் தாண்டிவிடுங்கள். முதலும் இரண்டாவதும் முரண்படும் வருஷங்களில் நிதானமாக நில்லுங்கள். மேட்டூருக்கு முன் வந்தாரா பின் வந்தாரா என்பது அப்படி ஒரு இடம். சான்று இருப்பதை 'வாங்கினார்' என்றும், கேட்டதை 'என்பார் அத்தைப்பாட்டி' என்றும், ஊகத்தை 'இருந்திருக்கலாம்' என்றும் எழுதுங்கள். வாசகர் மூன்றையும் பிரித்தறிவார். அவர் மனதில் என்ன நினைத்தார் என்று மட்டும் எழுத வேண்டாம்.

பத்திரத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும், லேமினேஷனைப் பிறகு பிரிக்கவே முடியாது. நிழல்வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, இரண்டு பக்கமும் படமெடுங்கள்; மடிப்பில் மறைந்த எழுத்துக்குப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துத் தனியே ஒரு படம். ஜாதகம் ஓலையானால் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, எழுத்து மங்கியிருந்தால் ஓலைச்சுவடி நூலகங்களில் தடவுவதுபோல் எலுமிச்சைப்புல் எண்ணெய் மெல்லத் தடவலாம். அசல் ஒரு வீட்டிலும் நகல்கள் வேறு ஊரில் இருக்கும் இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். கரையோர டெல்டாவில் ஒரே அலமாரியை நம்புவது ஆபத்து. அத்தைப்பாட்டியிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். சார்பதிவாளர் அலுவலகம் அடுத்த மாதமும் இருக்கும்.